கறையானை உயிரோடு எடுத்தல்: தரங்கம்பாடியிலிருந்து பாராடாங் வரை

கறையான் ஆய்வின் வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த இனத்தை யார், எந்த ஆண்டில் விவரித்தார், அதன் மூல மாதிரி எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்பனவே அவ்வரலாற்றின் முதன்மைச் செய்திகள். அம்மாதிரிகள் அனைத்தும் எரிசாராயத்தில் இட்டு வைக்கப்பட்ட உயிரற்ற உடல்கள். புட்டியில் கிடக்கும் கறையான் தன் தாடையின் வளைவையும் தலையின் அளவையும் காட்டும். எம்மரத்தை விரும்பித் தின்னும், எதை ஒதுக்கும், வயிற்றுள் வாழும் நுண்ணுயிர்கள் எவை, அரசியை இழந்த கூட்டம் என்ன செய்யும் என்ற கேள்விகளுக்கு அதனிடம் விடை இல்லை. அவ்விடைகளைப் பெற, கறையானைக் களத்திலிருந்து உயிரோடு ஆய்வகம் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் தொடக்கப் பக்கங்களில் தமிழ் நிலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அவ்வரலாறு இன்று சந்திக்கும் சிக்கல்களை அந்தமானின் பாராடாங் போன்ற ஒரு தீவில் தெளிவாகக் காணலாம்.

தென் அந்தமானுக்கும் நடு அந்தமானுக்கும் இடையில் அமைந்தது பாராடாங். போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் நெடுஞ்சாலை வழியே வடக்கே செல்வோர், மிடில் ஸ்ட்ரெய்ட் துறையில் வாகனப் படகேறி நீலாம்பூர்த் துறையில் இறங்குகின்றனர். சேற்று எரிமலையும் சுண்ணாம்புக் குகைகளும் சுற்றுலாப் பயணிகளுக்கு இத்தீவை அறிமுகப்படுத்தின. அதற்கு நெடுங்காலம் முன்பே வனத்துறைக்கு இது மரத்தின் தீவு. ஈரப்பசை மாறாத காடு, விழுந்து மட்கும் பெருமரங்கள், ஆண்டின் பெரும்பகுதியில் மழை: கறையானுக்கு இதைவிட ஏற்ற வாழிடம் வேண்டியதில்லை. அக்கறையானை ஆய்வகம் வரை கொண்டு சேர்ப்பது மட்டும் எளிதன்று. அதற்கான காரணங்களைப் புரிந்துகொள்ள, ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகள் பின்செல்ல வேண்டும்.

புற்றும் பானையும்

தமிழர் கறையானை உயிரோடு திரட்டியமைக்கு மிகப் பழைய சான்றுகள் உணவு சார்ந்தவை. சிறகு முளைத்த கறையானாகிய ஈசலைச் சங்க இலக்கியம் ‘ஈயல்’ என்கிறது. அகநானூற்றின் 394ஆம் பாடல், ஆட்டுத் தயிரும் வரகரிசியும் புற்றிலிருந்து எடுத்த ஈயலும் சேர்த்துச் சமைத்த புளிச்சோற்றைக் குறிப்பிடுகிறது. பாரியின் நாட்டை நினைந்து கபிலர் பாடிய புறநானூற்று 119ஆம் பாடலும் செம்புற்றின் ஈயலைப் பேசுகிறது. ஈயல் எவ்வாறு பிடிக்கப்பட்டது என்பதை இப்பாடல்கள் விவரிக்கவில்லை. ஆனால் மழைக்கும் புற்றுக்கும் ஈசல் வெளியேறும் காலத்துக்கும் உள்ள தொடர்பு அன்றே தெளிவாக அறியப்பட்டிருந்தது என்பதில் ஐயமில்லை. உயிருள்ள கறையானைத் தேடும் எவருக்கும் முதலில் தேவைப்படும் அறிவு இதுவே: எங்கே என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம்.

பிடிக்கும் முறையை எழுத்தில் பதித்தவர் ஓர் ஐரோப்பியர். பால்டிக் கரையோரத்து லிவோனியாவில் 1728இல் பிறந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக், சுவீடனின் லின்னேயஸிடம் பயின்றவர். 1768இல் தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்து சேர்ந்தார். பின்னர் ஆற்காட்டு நவாபிடமும், அதன்பின் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் இயற்கையியலாளராகப் பணியாற்றி, 1785இல் காக்கிநாடா அருகே இறந்தார். தமிழ்ச் சமையலறையின் கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் 1771இல் வழங்கிய தாவரவியல் பெயரான ‘பெர்கேரா கோனிகியை’ இவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

‘வெள்ளை எறும்பு’ எனப்பட்ட கறையானைப் பற்றிக் கோனிக் எழுதிய செருமானியக் கட்டுரை, 1779இல் பெர்லின் இயற்கையியல் நண்பர்கள் கழகத்தின் இதழில் வெளியானது. புற்றின் உள்ளறைகளை உயிருள்ள நிலையில் பார்த்து எழுதப்பட்ட தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று. கறையான் கூட்டுக்குள் பூஞ்சை வளர்வதை அறிவியல் உலகுக்கு முதலில் தெரிவித்த பெருமையும் அக்கட்டுரைக்கே தரப்படுகிறது. இக்கட்டுரைக்குத் தேவையானது அதில் இடம்பெற்ற வேறொரு செய்தி.

உள்ளூர் மக்கள் ஈசலைப் பிடித்த முறையைக் கோனிக் பதிவு செய்தார். ஈசல் பறக்கும் நாளுக்கு முன்னரே புற்றில் இரண்டு துளைகள் இடுவர். ஒன்று காற்று வரும் பக்கம், மற்றொன்று காற்று போகும் பக்கம். காற்று போகும் பக்கத் துளையில் ஒரு பானையின் வாயைப் பொருத்துவர். பானையின் உட்புறத்தில் கறிவேப்பிலை தேய்த்திருப்பர். எதிர்ப்பக்கத்தில் நாற்றமெடுக்கும் பொருள்களைக் கொளுத்திப் புகையூட்டுவர். புகைக்கு அஞ்சும் ஈசல்கள் பானைக்குள் திரளும். சில வேளைகளில் நல்ல பாம்பும் அவற்றோடு பானைக்குள் வந்துவிடும் என்பதால் பானையை எடுக்கும்போது எச்சரிக்கை வேண்டும். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடியேறிய கதையைப் பழமொழியாக அறிந்திருந்த மக்களுக்கு இந்த எச்சரிக்கை புதிதன்று.

இம்முறையின் அடிப்படையைக் கூர்ந்து நோக்கினால், அது ஒரு களச் சோதனையின் அமைப்பையே கொண்டிருப்பது புலப்படும். காற்றின் திசை கணக்கிடப்படுகிறது. வெறுக்கும் தூண்டல் ஒரு பக்கமும் மணமூட்டிய கலம் மறுபக்கமும் வைக்கப்படுகின்றன. புற்று இடிக்கப்படுவதில்லை; கறையான்கள் தாமாக வெளியேறும்படி செய்யப்படுகின்றன. சியரா லியோனில் கறையான்களை ஆராய்ந்த ஹென்றி ஸ்மீத்மன், 1781இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் கோனிக்கின் இச்செய்தியை எடுத்தாண்டார். அதன்வழி அது ஆங்கில உலகெங்கும் பரவியது. ஸ்மீத்மனின் பெயரும் கோனிக்கின் பெயரும் நிலைத்தன. பானையை வைத்தவரின் பெயர் இரு கட்டுரைகளிலும் இல்லை.

உயிரோடு ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி, உலகெங்குமிருந்து திரட்டிய கறையான் மாதிரிகளை வகைப்படுத்துவதில் கழிந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் நிலை மாறியது. இத்தாலியின் பத்திஸ்தா கிராஸ்ஸியும் அந்திரேயா சாந்தியாஸும் சிசிலித் தீவில் கறையான் கூட்டங்களை உயிரோடு வளர்த்து, 1893இல் தொடங்கி முடிவுகளை வெளியிட்டனர். வேலைக்காரர், படைவீரர், இனப்பெருக்கம் செய்வோர் என்னும் பிரிவுகள் எவ்வாறு உருவாகின்றன என்ற கேள்வியை அவர்கள் வளரும் கூட்டங்களிடமே கேட்டனர்.

இலங்கையில் இதே போக்கு வேறு வடிவில் தோன்றியது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய தாமஸ் பெட்ச், கறையான் கூடுகளில் வளரும் பூஞ்சைகளைப் பற்றிய விரிவான ஆய்வை 1906இல் வெளியிட்டார். செருமானிய அறிஞர் கார்ல் எஷெரிக் இலங்கையில் தங்கிப் புற்றுகளை ஆராய்ந்து, 1911இல் ‘இலங்கையில் கறையான் வாழ்க்கை’ என்னும் பொருள்தரும் நூலை அளித்தார். கோனிக் கண்ட பூஞ்சைத் தோட்டம் உணவுக்காகக் கறையான்கள் பேணும் பயிர் என்பது படிப்படியாக உறுதிப்பட்டது. அப்பூஞ்சைக்கு ‘டெர்மிடோமைசஸ்’ என்ற பேரினப் பெயரை பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஹைம் 1942இல் வழங்கினார். தமிழகக் கிராமங்களில் மழைக்குப் பின் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் இப்பேரினத்தைச் சேர்ந்தது.

உயிருள்ள கறையான் இன்றி எதையெல்லாம் அறிந்திருக்க இயலாது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, லெமுவேல் கிளீவ்லாந்தின் பணி. 1920களில் அமெரிக்காவில் அவர் செய்த சோதனைகள், மரம் தின்னும் சிலவகைக் கறையான்களால் தாமே மரத்தைச் செரிக்க இயலாது என்று நிறுவின. குடலில் வாழும் ஒருசெல் உயிரிகளே அவ்வேலையைச் செய்கின்றன. 36 பாகை செல்சியசில் 24 மணி நேரம் வைத்தால் அவ்வுயிரிகள் மடியும், கறையான் மடியாது. அதன்பின்னும் அது மரத்தைத் தின்றுகொண்டே இருக்கும். ஆயினும் சில வாரங்களுக்குள் பட்டினியால் இறக்கும். அவ்வுயிரிகளை மீண்டும் குடலுக்குள் சேர்த்தால் பிழைக்கும். இந்த உண்மை எரிசாராயப் புட்டியிலிருந்து ஒருபோதும் வெளிவந்திராது.

இரண்டாவது, சுவிட்சர்லாந்தின் மார்ட்டின் லூஷெர் செய்த ஆய்வு. காய்ந்த மரத்துள் வாழும் ‘கலோடெர்மஸ் ஃபிளாவிகாலிஸ்’ என்ற கறையானை ஆய்வகத்தில் வளர்த்த அவர், அரசனும் அரசியும் இருக்கும்வரை பிற உறுப்பினர் இனப்பெருக்க நிலையை அடையாமல் தடுக்கப்படுவதைக் காட்டினார். இத்தகைய வேதிச் செய்திகளைக் குறிக்க ‘பெரோமோன்’ என்ற சொல்லை அவரும் பீட்டர் கார்ல்சனும் 1959இல் முன்மொழிந்தனர்.

மூன்றாவதும் அதே 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பிரெஞ்சு அறிஞர் பியேர்-போல் கிராஸ்ஸே, கூட்டிலிருந்து எடுத்த வேலைக்காரக் கறையான்கள் மண்ணுருண்டைகளை அடுக்குவதை உற்று நோக்கினார். யாரும் கட்டளையிடாமலே, முன்னர் வைக்கப்பட்ட உருண்டை அடுத்த உருண்டையை வைக்கத் தூண்டுகிறது என்று கண்டு, அதற்கு ‘ஸ்டிக்மெர்ஜி’ என்று பெயரிட்டார். இன்று கணினியியலிலும் இயந்திர மனிதக் கூட்டங்களின் வடிவமைப்பிலும் அச்சொல் வழங்குகிறது. ஒரே ஆண்டில், உயிருள்ள கறையான்களிடமிருந்து, உயிரியலின் இரு பெருங் கருத்துகள் பெயர் பெற்றன.

டேராடூனும் அந்தமான் மரமும்

இந்தியாவில் உயிருள்ள கறையானை ஆய்வகத்துக்குக் கொண்டுவரத் தூண்டிய முதன்மைக் காரணம் மர வணிகம். அந்தமான் காடுகள் அதில் பெரும் பங்கு வகித்தன. போர்ட் பிளேர் அருகே சாத்தம் தீவில் 1883இல் மர அறுவை ஆலை நிறுவப்பட்டது. சோட்டா நாக்பூர்ப் பகுதியிலிருந்து 1918 முதல் அழைத்துவரப்பட்ட தொழிலாளர்கள், அந்தமானில் ‘ராஞ்சிக்காரர்’ என்று பொதுவாகக் குறிக்கப்பட்டவர்கள், காடு வெட்டும் பணியைச் சுமந்தனர். பாராடாங்கின் குடியிருப்புகளிலும் அவர்களின் வழியினர் இன்றும் வாழ்கின்றனர்.

அந்தமான் படாக் மரம் கறையானை எதிர்த்து நிற்கும். குர்ஜன் மரம் மருந்தூட்டாமல் நெடுநாள் தாங்காது. காட்டில் வேலை செய்தவர்கள் இதை அனுபவத்தால் அறிந்திருப்பர். ஆனால் மரத்தை விலைபேசும் அரசுக்கு அளவிட்ட சான்று வேண்டியிருந்தது. மரத்துண்டுகளை மண்ணில் நட்டு, அவை அழியும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது ஒரு வழி. ஆய்வகத்தில் உயிருள்ள கறையான்களுக்கு மரத்துண்டுகளைக் கொடுத்துச் சில வாரங்களில் எடையிழப்பை அளப்பது மற்றொரு வழி.

1906இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் பூச்சியியலாளராகப் பணியாற்றிய சி. எஃப். சி. பீசன், இந்தியக் காட்டுப் பூச்சிகளைப் பற்றிய தம் பெருநூலை 1941இல் வெளியிட்டார். அமெரிக்கரான தாமஸ் ஸ்னைடர் 1933இல் விவரித்த இந்தியக் கறையான்களுள் ஒன்று பீசனின் பெயரால் ‘மைக்ரோசெரோடெர்மஸ் பீசோனி’ ஆயிற்று; மற்றொன்று அந்தமானின் பெயரால் ‘நியோடெர்மஸ் அந்தமானென்சிஸ்’ ஆயிற்று. பின்னாளில் பி. கே. சென்-சர்மாவும் அவர்தம் சகாக்களும் டேராடூனில் மரங்களின் இயல்பான எதிர்ப்புத்திறனைச் சோதிக்க மைக்ரோசெரோடெர்மஸ் பீசோனியைப் பயன்படுத்தினர்.

இவ்வினம் ஆய்வகத்துக்கு ஏற்றதாக இருந்ததற்குத் தெளிவான காரணம் உண்டு. அது பூஞ்சை வளர்ப்பதில்லை. மரமும் ஈரமும் கிடைத்தால் கூட்டிலிருந்து பிரித்த குழுவும் சோதனைக்காலம் முழுவதும் வாழும். தமிழகத்தின் செம்புற்றுகளில் வாழும் ‘ஓடன்டோடெர்மஸ் ஒபீசஸ்’ அத்தகையதன்று. பூஞ்சைத் தோட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட அதன் வேலைக்காரர்கள் விரைவில் மடிவர். தோட்டத்தையும் சேர்த்தெடுத்தால், கறையான்களின் பராமரிப்பு குறைந்தவுடன் வேண்டாத களைப்பூஞ்சை அதை மூடிவிடும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரெனே போர்ஜஸின் குழுவினர் இச்சிக்கலையே ஆய்வுப் பொருளாக்கினர். பயிர்ப்பூஞ்சையையும் களைப்பூஞ்சையையும் மணத்தால் வேறுபடுத்தி, களையை மட்டும் இக்கறையான்கள் மண்ணிட்டுப் புதைக்கின்றன என்று 2017இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எந்த இனம் ஆய்வகத்தில் பிழைக்கிறதோ அதைப் பற்றிய அறிவே பெருகுகிறது என்பதால், ‘கறையான் மரம் தின்னும்’ என்ற பொது வாக்கியத்தின் பின்னால் ஒருசில இனங்களின் சாட்சியமே மிகுதியாக இருக்கிறது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

1960 அக்டோபரில் யுனெஸ்கோவும் இந்திய விலங்கியல் அளவைத் துறையும் இணைந்து, ஈர வெப்பமண்டலக் கறையான்களைப் பற்றிய கருத்தரங்கைப் புது தில்லியில் நடத்தின. அத்துறையை அப்போது வழிநடத்திய எம். எல். ரூன்வாலும் ஜி. போஸும் எழுதிய, அந்தமான் நிக்கோபார்க் கறையான்களின் வகைப்பாட்டையும் பரவலையும் பற்றிய நெடுங்கட்டுரை 1970இல் வெளியானது. தீவுகளின் கறையான் பட்டியல் அவ்வாறு உருவாயிற்று. அப்பட்டியல் எரிசாராய மாதிரிகளின் மீது கட்டப்பட்டது. உயிருள்ள கூட்டங்களின் வரலாறு அங்கு இன்னும் பெரிதும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது.

ஹவாய்ப் பெட்டியும் கோழிக்குஞ்சுப் பானையும்

புற்றைத் தோண்டி எடுக்கும் முறையில் இரு குறைகள் உண்டு. தோண்டும் அதிர்ச்சியில் மென்மையான உடல்கள் நசுங்கும். மேலும், ஒருமுறை தோண்டிய கூட்டம் பெரும்பாலும் அழிந்துவிடும்; அதே கூட்டத்திடம் மறுபடியும் கேள்வி கேட்க முடியாது. நிலத்தடியில் பரவி வாழும், புற்றே எழுப்பாத இனங்களிலோ எங்கே தோண்டுவது என்பதே தெரியாது.

இதற்கு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மினோரு தமாஷிரோ, ஜாக் ஃபூஜி, போ-யுங் லாய் ஆகியோர் 1973இல் ஓர் எளிய தீர்வை வெளியிட்டனர். கறையான் நடமாடும் இடத்தை முதலில் மரமுளைகளால் கண்டறிவர். பின்னர் அங்கே மண்ணோடு ஒட்டி மரப்பெட்டியை வைத்துக் கலத்தால் மூடி விடுவர். ‘காப்டோடெர்மஸ் ஃபார்மோசானஸ்’ கறையான்கள் தாமாகவே பெட்டிக்குள் ஆயிரக்கணக்கில் குடிபுகும். நாள் கடந்து பெட்டியை எடுத்துப் புதிய பெட்டி வைத்தால், கூட்டம் சிதையாமல் மீண்டும் மீண்டும் மாதிரி கிடைக்கும். உலகெங்கும் ஆய்வகங்கள் இம்முறையையும் அதன் வேறுபாடுகளையும் ஏற்றன. சாயமிட்ட கறையான்களை விடுத்து மீண்டும் பிடித்து, ஒரே கூட்டத்தில் பல இலட்சம் உறுப்பினர் இருப்பதைக் கணக்கிட இதுவே வழிவகுத்தது. அதே நிலையங்களில் மெதுவாகச் செயல்படும் நஞ்சை இரையில் கலந்து வைக்கும் முறை, நான்-யாவ் சூவின் ஆய்வுகளின் வழியே 1990களில் வணிகப் பொருளாகவும் வளர்ந்தது.

தமிழகக் கிராமங்களில் நாட்டுக்கோழி வளர்ப்போர் அறிந்த ஒரு முறையை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓர் உடைந்த பழம்பானையில் காய்ந்த சாணம், கிழிந்த கோணி, ஓலைத்துண்டு, மட்கிய கட்டை ஆகியவற்றை நிரப்பி நீர் தெளிப்பர். கறையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் பானையை வாய் கீழாகக் கவிழ்த்து வைப்பர். மறுநாள் காலை பானையை நிமிர்த்தினால் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். அது கோழிக்குஞ்சுகளுக்கு உயிர்த்தீவனம். வெயில் ஏறுவதற்கு முன் எடுக்க வேண்டும். பிந்தினால் கறையான்கள் மண்ணுக்குள் திரும்பிவிடும்.

இரு முறைகளுக்கும் பொதுவான கூறுகள் நான்கு: இருள், ஈரம், செல்லுலோஸ் உணவு, மண்ணோடு இடைவெளியற்ற தொடர்பு. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று கூற எந்தச் சான்றும் இல்லை. அவ்வாறு கூறுவது வரலாறாகாது. ஒரே உயிரியின் இயல்பைப் பொறுமையாகக் கவனித்த இரு சமூகங்கள் ஒரே விடையை அடைந்தன என்பதே பொருத்தமான முடிவு. வேறுபாடு பதிவில் இருக்கிறது. ஹவாய் முறைக்கு ஆண்டும் ஆசிரியர் பெயரும் மேற்கோள் எண்ணும் உண்டு. பானை முறைக்கு அவை இல்லை. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளின் ‘முறையியல்’ பகுதியில் அது இடம்பெறுவதும் இல்லை. கோனிக்கின் காலத்தில் பெயரற்றுப் போனவர்கள், இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் பெயரற்றே இருக்கின்றனர்.

களத்தில் நிகழ்வது

உயிரோடு எடுக்கும் பணியின் நுட்பங்கள் அனைத்தும் கறையானின் உடலமைப்பிலிருந்தே பிறக்கின்றன. அதன் தோல் மெல்லியது; உலர்காற்றில் அது விரைவில் நீரிழக்கும். ஆகவே கலத்தில் ஈரத்தாளோ ஈரமணலோ இருக்க வேண்டும். நீர் தேங்கவும் கூடாது, தேங்கினால் மூழ்கி மடியும். நேரடி வெயிலில் வைத்த மூடிய பெட்டி சிறிது நேரத்தில் அடுப்பாகிவிடும். விரலால் எடுத்தால் நசுங்கும் என்பதால் மென்தூரிகையோ உறிஞ்சு குழாயோ பயன்படும். மட்கிய கட்டையைப் பிளந்து தட்டின்மேல் மெதுவாகத் தட்டி உதிர்ப்பதும் உண்டு. மண்ணும் கறையானும் கலந்து விழுந்தால், அருகே ஈரத்தாளை விரித்து வைப்பர். நலமுள்ளவை தாமே நடந்து தாளின்மேல் ஏறும், காயமுற்றவை பின்தங்கும். பிரித்தெடுக்கும் வேலையைக் கறையானே செய்துவிடுகிறது.

இரு கூட்டங்களை ஒரே கலத்தில் சேர்க்கக் கூடாது. பல இனங்களில் அவை ஒன்றையொன்று கடித்துக் கொல்லும். வேலைக்காரர்களை மட்டும் எடுத்துப் படைவீரர்களை விட்டுவிட்டால் குழுவின் இயல்பு மாறும். கூட்டில் காணும் விகிதத்தை ஒட்டியே இரண்டையும் சேர்ப்பது வழக்கம். உயிருள்ளவற்றோடு, அதே கூட்டத்திலிருந்து சிலவற்றை எரிசாராயத்தில் இட்டு வைப்பதும் கட்டாயம். இனத்தை உறுதிசெய்ய அவையே சான்று. இவ்வகையில் புட்டியும் பெட்டியும் ஒன்றுக்கொன்று பகையல்ல. ஒன்று பெயரைத் தருகிறது, மற்றொன்று வாழ்வைத் தருகிறது.

பாராடாங்கில் இவ்விதிகளோடு தூரமும் சேர்கிறது. காட்டில் எடுத்த பெட்டி படகேறி, நெடுஞ்சாலை வழியே போர்ட் பிளேர் சேர வேண்டும். தலைநிலத்து ஆய்வகம் என்றால் அதன்மேல் விமானமோ கப்பலோ. வழியில் ஒவ்வொரு காத்திருப்பும் வெப்பத்தைக் கூட்டும். மரத்துள்ளேயே முழுக் கூட்டமும் வாழும் நியோடெர்மஸ் போன்றவை இதில் எளியவை. கட்டைத் துண்டோடு எடுத்தால் உணவும் உறைவிடமும் உடன் வரும். இத்தகைய இனங்கள் மிதக்கும் கட்டைகளில் கடல் கடந்து தீவுகளை அடைந்திருக்கலாம் என்று அறிஞர் கருதுவதும் இதே காரணத்தால்தான். ஆய்வாளரின் பெட்டி, அம்மிதவைக் கட்டையின் சிறுவடிவம்.

தீவு கேட்கும் கேள்விகள்

இந்த ஒப்புமையிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியுள்ளது. எரிசாராயத்தில் உள்ள கறையான் எங்கும் பரவாது. உயிருள்ள கறையான் பரவும். கிழக்காசியாவுக்குரிய காப்டோடெர்மஸ் ஃபார்மோசானஸ், கப்பல் சரக்குகளின் வழியே ஹவாய்க்கும் பின்னர் அமெரிக்கத் தலைநிலத்துக்கும் சென்று கட்டடங்களுக்குப் பெருங்கேடு விளைவித்தது. ஆகவே உயிருள்ள மாதிரி தீவைவிட்டு வெளியேறுவதும், தீவுக்குள் நுழைவதும், ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வதும் கடும் காவலோடு நிகழ வேண்டியவை. சோதனை முடிந்த கூட்டத்தை ‘இரக்கத்தோடு’ அருகிலுள்ள மரத்தடியில் விட்டுவிடுவது இரக்கமாகாது.

அடுத்தது உரிமை பற்றிய கேள்வி. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி, வெளிநாட்டவர் இந்நாட்டின் உயிர்வளத்தை ஆய்வுக்காகப் பெறச் சென்னையில் இயங்கும் தேசிய ஆணையத்தின் முன் அனுமதி தேவை. காப்புக்காட்டில் நுழைய வனத்துறையின் இசைவு எவருக்கும் தேவை. 18ஆம் நூற்றாண்டில் கோனிக்கின் குறிப்புகள் பெர்லினுக்கும் இலண்டனுக்கும் கேள்வியின்றிப் பயணம் செய்தன. இன்று ஒரு பெட்டிக் கறையான் அவ்வாறு பயணிக்க முடியாது, முடியக் கூடாது.

மூன்றாவது கேள்வி எல்லாவற்றினும் கனமானது. பாராடாங்கை ஒட்டிய காடுகள் ஜாரவா மக்களின் காப்பகப் பகுதி. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவர்களின் நிலத்துக்கு வெளியார் செல்வதைத் தடுக்கிறது. காப்பகத்தினூடே செல்லும் நெடுஞ்சாலைப் பகுதிகளை மூடுமாறு உச்ச நீதிமன்றம் 2002இல் ஆணையிட்டது. ஆயினும் சாலைப் போக்குவரத்து தொடர்கிறது. அக்காட்டின் மரங்களையும் மட்கும் கட்டைகளையும் அவற்றுள் வாழும் உயிர்களையும் எவரினும் நன்கு அறிந்திருக்கக் கூடியவர்கள் அம்மக்களே. அவர்களிடம் அவ்வறிவைக் கேட்டுப் பெற ஆய்வாளருக்கு உரிமை இல்லை. தொற்றுநோய்களும் வெளியாரின் சுரண்டலும் விளைவித்த அந்தமான் பழங்குடிகளின் துயர வரலாற்றை அறிந்த எவரும் இத்தடையை ஆய்வுக்கு நேர்ந்த இடையூறாகக் கருத மாட்டார். சில அறிவைப் பெறாமலே விடுவதும் ஆய்வு நெறியின் ஒரு பகுதி.

இவற்றை ஒருங்கே நோக்கினால் இரு கடமைகள் தெளிவாகின்றன. கேட்கக் கூடாத இடத்தில் கேட்காதிருத்தல் ஒன்று; கேட்டுப் பெற்ற இடத்தில் அதை எழுதி வைத்தல் மற்றொன்று. தமிழக ஆய்வு மாணவர் ஒருவர், தோண்டாமல் கறையானை வரவழைக்கும் முறையை ஒரு கோழி வளர்ப்பவரிடமோ, ஈசல் பிடிக்கும் இருளர் குடும்பத்திடமோ கற்றிருந்தால், அவர்கள் விரும்பும் வகையில் அது ஆய்வேட்டில் இடம்பெற வேண்டும். நன்றியுரையின் கடைசி வரியில் ‘உள்ளூர் மக்கள்’ என்று முடித்துவிடுவது போதாது. முறையியல் பகுதியே அதற்குரிய இடம்.

எரிசாராயப் புட்டியின் சீட்டில் இடம், நாள், திரட்டியவர் பெயர் என மூன்று செய்திகள் எழுதப்படுவது நெடுங்கால மரபு. உயிருள்ள மாதிரிப் பெட்டியின் சீட்டில் இன்னும் மூன்று சேர்க்கப்படலாம்: எம்முறையால் அழைக்கப்பட்டது, அம்முறையைக் கற்பித்தவர் யார், எடுத்த பின்னும் கூட்டம் உயிரோடு இருந்ததா. மூன்றாவது கேள்விக்கு விடை எழுத, எடுத்த இடத்துக்கு ஆய்வாளர் மீண்டும் ஒருமுறை சென்று பார்த்திருக்க வேண்டும்.